தூக்கில் போட்டால் செலவு மிச்சமா?

வாசகர் கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர். மாதாமாதம் வரி பிடித்துக்கொண்டுதான் சம்பளம் கைக்கு வருகிறது. பச்சைக் குழந்தையைக் கொன்றவனுக்குக்கூட ஆயுள் தண்டனை என்று சொல்லி, கோழிக்கறியும் பிரியாணியும் போட்டு நம் வரிப்பணத்தில் வளர்க்கிறோம். பதினாலு வருடத்தில் அவன் வெளியே வந்துவிடுகிறான். தூக்கில் போட்டால் ஒரு கயிற்றுச் செலவோடு முடிந்துவிடும். ஆனால் சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள், "தூக்குக்குத்தான்பா செலவு அதிகம்" என்கிறாள். எப்படி என்று கேட்டால் அமெரிக்கக் கணக்கைச் சொல்கிறாள். நம் ஊருக்கு அது பொருந்துமா? தூக்குத் தண்டனைகளை உடனுக்குடன் நிறைவேற்றச் சொல்லி நான் பொதுநல வழக்குப் போட முடியுமா?

பதில்:

ஐயா, வணக்கம். உங்கள் மகள் சொல்வது சரி. அமெரிக்காவின் தொகை நமக்குப் பொருந்தாது. ஆனால் அங்கே செலவு ஏறியதற்கான காரணம் இங்கேயும் அப்படியே இருக்கிறது. நான் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன். மரண தண்டனை கூடாது என்ற கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் போடும் கணக்கை நீங்கள் சந்தேகத்தோடே பார்க்கலாம்.

உங்கள் மகள் அநேகமாக கலிபோர்னியாவைத்தான் சொல்லியிருப்பார். ஆர்தர் அலர்கோன் என்ற கூட்டாட்சி நீதிபதியும் பாலா மிட்செல் என்ற சட்டப் பேராசிரியரும் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1978-இல் அந்த மாநிலத்தின் இப்போதைய மரண தண்டனைச் சட்டம் வந்தது முதல் அதுவரை சுமார் 400 கோடி டாலர் செலவானதாகக் கணக்கிட்டார்கள். அத்தனை வருடத்தில் தண்டனை நிறைவேறியது 13 பேருக்கு. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 30 கோடி டாலருக்கு மேல். இந்த வகுத்தலில் கொஞ்சம் தந்திரம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் பணம் 13 பேருக்கு மட்டும் செலவானதல்ல, வரிசையில் காத்திருந்த எழுநூற்றுச் சொச்சம் பேருக்கும் சேர்த்து ஆனது. என்னைக் கேட்டால் கான்சாஸ் மாநிலத்தின் கணக்குதான் நேர்மையானது. அங்கே சட்டமன்றத்தின் தணிக்கைத் துறை 2003-இல் வழக்குக்கு வழக்கு ஒப்பிட்டுப் பார்த்தது. மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்குகளுக்கு, அதைக் கேட்காத கொலை வழக்குகளைவிட சுமார் 70 சதவீதம் கூடுதலாகச் செலவாகியிருந்தது.

இனி நம் ஊர். ஒரு செஷன்ஸ் நீதிபதி "சாகும்வரை தூக்கிலிடவேண்டும்" என்று தீர்ப்பில் எழுதிவிட்டால் வழக்கு முடிந்தது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் அந்தத் தண்டனைக்கு உயிரில்லை. குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் கீழ்க்கோர்ட்டுக் கட்டு முழுவதும் சென்னைக்கோ மதுரைக்கோ வந்தாகவேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 366-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 407. சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு ஆர்.டி. என்று தனி எண் போடுவார்கள். இரண்டு நீதிபதிகள் உட்கார்ந்து, கீழ்க்கோர்ட் சொன்னதைச் சரிபார்ப்பதோடு நிற்காமல் சாட்சியம் மொத்தத்தையும் புதிதாக எடைபோடவேண்டும். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், பிரேதப் பரிசோதனைச் சான்று, தடய அறிவியல் அறிக்கை, ஒவ்வொரு சாட்சியின் முதல் விசாரணை, குறுக்கு விசாரணை என்று எல்லாம் டைப் செய்து, தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் பெயர்த்து, தைத்து, தடித்தடியாகப் புத்தகங்கள் வரும். ஒன்று நீதிபதிக்கு, ஒன்று அரசுத் தரப்புக்கு, ஒன்று எங்களுக்கு.

2022-இல் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கடமையையும் சேர்த்தது. தூக்கா ஆயுளா என்று முடிவெடுக்கும் முன்பு, குற்றவாளி வளர்ந்த விதம், மனநிலை, சிறையில் அவர் நடந்துகொள்ளும் விதம் எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை பெறவேண்டும். அதனால் நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய், அவருடைய அம்மாவையும் பள்ளிக்கூட வாத்தியாரையும் பார்க்கிறார். மனநல மருத்துவர் சிறைக்குப் போகிறார். சிறைக் கண்காணிப்பாளர் தனியாக ஒரு அறிக்கை எழுதுகிறார்.

இதற்கெல்லாம் யார் பணம்? அரசு வக்கீலுக்கு அரசு கொடுக்கிறது. எதிர்த் தரப்பில் வசதியில்லாதவருக்கும் அரசின் சட்ட உதவிதான். தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டின் மரண தண்டனைக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். வக்கீல் வைக்க வசதியுள்ளவன் இந்த வரிசையில் அதிகம் நிற்பதில்லை.

உயர் நீதிமன்றத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம், அங்கே குறைந்தது மூன்று நீதிபதிகள். பிறகு, தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கேட்கும் சீராய்வு மனு. மரண தண்டனை வழக்கு என்றால் அதைத் திறந்த நீதிமன்றத்தில் கேட்கவேண்டும் என்று 2014-இல் தீர்ப்பாகிவிட்டது. பிறகு, கடைசியாக இன்னொரு முறை பார்க்கக் கேட்கும் குறைதீர் மனு, ஆளுநருக்குக் கருணை மனு, குடியரசுத் தலைவருக்குக் கருணை மனு, அது நிராகரிக்கப்பட்டால் அதை எதிர்த்து ரிட் மனு. இத்தனை காலமும் அந்த ஆள் உள்ளேதான் இருக்கிறார். அதே சாப்பாடு, அதே மருந்து, தனிக் காவல் வேறு. ஆயுள் கைதியாவது தறியில் உட்காருவார், சமையலறையில் நிற்பார், தமிழ்நாட்டில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பார். அந்தக் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்கும் போகிறது. மரண தண்டனைக் கைதி அங்கேயெல்லாம் போகமுடியாது.

நாடே கண்கொட்டாமல் பார்த்த நிர்பயா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விரைவு நீதிமன்றம்தான் விசாரித்தது. 2012 டிசம்பரில் குற்றம், 2013 செப்டம்பரில் தண்டனை. தூக்கு நிறைவேறியது 2020 மார்ச் 20. ஏழு வருடத்துக்கு மேல். வேகமாக நடந்த வழக்கின் கதியே இது.

நம் தருமபுரி வழக்கு இதைவிட நல்ல பாடம். 2000 பிப்ரவரியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேருந்துக்குத் தீவைத்ததில் மூன்று மாணவிகள் உயிரோடு எரிந்தார்கள். மூன்று பேருக்கு சேலம் நீதிமன்றம் 2007-இல் தூக்கு விதித்தது. அதே வருடம் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. 2010-இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. 2016-இல் அதே உச்ச நீதிமன்றம் சீராய்வில் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் மூவரும் விடுதலையாகிவிட்டார்கள். அரசு முதலில் தூக்குக்கான வழக்குச் செலவு முழுவதையும் செய்தது, பிறகு ஆயுள் தண்டனைக்கான செலவையும் செய்தது. நீங்கள் மிச்சம் என்று நினைத்தது இரட்டைச் செலவாக முடிந்தது.

இது விதிவிலக்கும் இல்லை. நான் சொன்ன அதே தில்லிப் பல்கலைக்கழக ஆய்வு, 2000 முதல் 2015 வரை கீழ்க்கோர்ட்டுகள் தூக்கு விதித்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. மேல்முறையீடுகளைத் தாண்டித் தூக்கு நிலைத்தது நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இல்லை. நூற்றுக்கு ஏறக்குறைய முப்பது பேர் முழு விடுதலை. மற்றவர்களுக்குத் தண்டனை குறைந்தது. 2000-க்குப் பிறகு நாடு முழுவதிலும் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர்: தனஞ்செய் சட்டர்ஜி, கசாப், அப்சல் குரு, யாகூப் மேமன், நிர்பயா வழக்கின் நால்வர். தமிழ்நாட்டில் கடைசியாக 1995-இல் சேலம் மத்திய சிறையில் ஆட்டோ சங்கர்.

"இத்தனை படி எதற்கு, இரண்டோடு நிறுத்தினால் செலவு குறையுமே" என்று கேட்பீர்கள். குறையும். மகாராஷ்டிராவில் 2003-இல் ஒரு குடும்பத்தையே கொன்றுபோட்ட வழக்கு. நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். உயர் நீதிமன்றம் அவர்களில் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதற்கு மேல் என்ன கோர்ட் இருக்கிறது? உங்கள் கணக்கில் கயிறு வாங்கவேண்டிய நாள் அதுதான். பத்து வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் கட்டைத் திரும்பப் பிரித்துப் பார்த்தது. உயிர்பிழைத்த நேரடிச் சாட்சி, போலீஸ் காட்டிய போட்டோக்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அது சரியாக விசாரிக்கப்படவேயில்லை. ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை. தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் அரசு கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. அதற்குள் அவர்கள் பதினாறு வருடம் உள்ளே இருந்தாகிவிட்டது. அந்தக் கடைசிப் படியில் செலவான பணத்தை வீண் என்று என்னால் சொல்லமுடியவில்லை.

குழந்தை வழக்கு என்று எழுதியிருந்தீர்கள். 2017-இல் சென்னை முகலிவாக்கத்தில் நடந்ததைத்தான் நினைத்து எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒரே வருடத்தில் செங்கல்பட்டு மகிளா நீதிமன்றம் தூக்கு விதித்தது. அடுத்த சில மாதத்தில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. எல்லோரும் கைதட்டினோம். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுதலை செய்துவிட்டது. தன் தரப்பை எடுத்துவைக்க அவருக்குப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை, சாட்சியச் சங்கிலி முழுமையாக இல்லை என்பது காரணம். அந்தக் குழந்தையின் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். எட்டு வருடம் கழித்து அவர்கள் கையில் ஒரு பதிலும் இல்லை. கீழ்க்கோர்ட்டில் இன்னும் சில மாதம் எடுத்து, நல்ல வக்கீல் ஒருவரை அரசுச் செலவில் அமர்த்தி, நிதானமாக நடத்தியிருந்தால், யார் செய்தது என்பதாவது மேல்கோர்ட்டில் நிற்கிற மாதிரி முடிவாகியிருக்கும். ஆற அமர நடத்தவேண்டிய விசாரணையில் மிச்சம் பிடித்தால் அந்தக் கடன் கடைசியில் பாதிக்கப்பட்டவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறது.

மரண தண்டனை வழக்கில் பணம் எங்கே போகிறது என்றால், தப்பான ஆளைத் தூக்கிலிடாமல் இருப்பதற்குப் போகிறது. அதை வெட்டினால்தான் தூக்கு மலிவாகும். வேறு எதை வெட்டினாலும் ஆகாது. கயிறும் பலகையும் அந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை.

பிரியாணி விஷயத்துக்கு வருகிறேன். மும்பைத் தாக்குதல் வழக்கின் கசாப்புக்குச் சிறையில் பிரியாணி போடுகிறார்கள் என்ற கதையிலிருந்து கிளம்பியதுதான் இந்தப் பேச்சு. அந்த வழக்கை நடத்திய அரசு வக்கீல் உஜ்வல் நிகம் 2015-இல் அவரே ஒத்துக்கொண்டார்: கசாப் பிரியாணி கேட்கவுமில்லை, யாரும் கொடுக்கவுமில்லை, மக்களிடம் அவன்மேல் அனுதாபம் எழுவதைத் தடுக்கத் தானே கட்டிவிட்ட கதை என்று. நான்கு வருடம் கசாப் தின்ற சாப்பாடு லட்சம் ரூபாயைக்கூடத் தொடவில்லை. கோடிக்கணக்கில் ஆனது காவலுக்கு. ஆர்தர் ரோடு சிறைக்குள் இந்தோ-திபெத் எல்லைப் போலீஸை நிறுத்தி, குண்டு துளைக்காத அறை கட்டி வைத்திருந்தார்கள். சாதாரணச் சிறையிலும் பட்ஜெட்டில் பெரும்பங்கு சம்பளத்துக்குத்தான் போகிறது. உள்ளே ஒரு ஆள் குறைந்தால் சோற்றில் ஒரு பங்கு குறையும், வார்டர் சம்பளம் குறையாது.

சரி, சிறைச்செலவு உங்களை உறுத்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர். இடம் இருப்பதோ 4,36,266 பேருக்கு. உள்ளே இருப்பவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் தண்டனையே பெறாதவர்கள். நான்கில் மூன்று பேர்! மரண தண்டனைக் கைதிகள் 2023 முடிவில் 561 பேர். ஆயிரத்தில் ஒருவர். இன்று ராத்திரியே எல்லோரையும் தூக்கிலிட்டாலும் உங்கள் வரிப்பணத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமாகாது.

உண்மையான கசிவு எங்கே என்று பார்க்கவேண்டுமானால் ஒரு நாள் புழலுக்கு வாருங்கள். தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒரு சிறை, பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனி. விசாரணைச் சிறை வாசலில் காலையிலேயே பெண்கள் ஆதார் அட்டையோடு மனு போட்டுப் பார்க்க நிற்பார்கள். செல்போன் பறித்தது, பைக் திருடியது, அடிதடி. அதில் சிலருக்கு ஜாமீன் எப்போதோ கிடைத்துவிட்டது. வீட்டு வரி ரசீதோடு இரண்டு ஜாமீன்தாரர்களைக் கோர்ட்டில் நிறுத்த முடியாததால் உள்ளே இருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வீட்டு வரி ரசீது வைத்திருக்கும் நண்பன் எங்கே கிடைப்பான்? இவர்களுக்கு நீங்களும் நானும்தான் சோறு போடுகிறோம். இதைப் பற்றி யாரும் டீக்கடையில் கோபப்பட்டு நான் கேட்டதில்லை.

பதினாலு வருடத்தில் வெளியே வந்துவிடுவான் என்பதும் பாதி உண்மைதான். ஆயுள் என்றால் உயிருள்ளவரை என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மரண தண்டனை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை, பதினாலு வருடம் முடியும் முன், குற்றவியல் நடைமுறைச் சட்டம் தரும் தண்டனைக் குறைப்பு அதிகாரத்தில் அரசு விடமுடியாது. அது 1978-இல் வந்த திருத்தம். பதினாலு என்பது அரசு யோசிக்க ஆரம்பிக்கும் இடம், கதவு தானாகத் திறக்கும் இடம் இல்லை. போதாததற்கு, 25 வருடம், 30 வருடம், சாகும்வரை என்று குறைப்பே இல்லாத ஆயுள் தண்டனையை விதிக்க உயர் நீதிமன்றங்களுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்பதை 2015-இல் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துவிட்டது. ஆனாலும் உங்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008-இல் அண்ணா நூற்றாண்டு விழாவை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளைப் பதினாலு வருடம் முடியாமலேயே ஆளுநரின் அதிகாரத்தில் அரசு விடுவித்தது. தலைவர்களின் பிறந்த நாளுக்கும் ஒரு கொலைக் குற்றவாளியின் திருந்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

"செலவை விடுங்கள், அவன் செய்ததற்கு அவன் சாகத்தான் வேண்டும்" என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதில் வேறுமாதிரி இருந்திருக்கும். அது நீதியைப் பற்றிய வாதம். பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதைச் சொல்லும்போது நான் எதிர்த்துப் பேசமாட்டேன், கேட்டுக்கொள்வேன். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை எடைபோட்டுத்தான் "அரிதினும் அரிதான" வழக்குகளுக்கு மட்டும் தூக்கை வைத்துக்கொண்டது. ஐந்து நீதிபதிகளில் பகவதி மட்டும் அதுவும் கூடாது என்றார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, நியாயமான சண்டை. ஆனால் அதை ரூபாய்க் கணக்காக மாற்றாதீர்கள். செலவு மிச்சம் என்பதற்காக ஒருவரைக் கொல்லலாம் என்று ஒத்துக்கொண்டால், சிறை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸில் இருக்கும் கிழவர்தான் பட்டியலில் முதலில் வருவார், அவர் செக் மோசடிக்காக உள்ளே வந்தவராக இருந்தாலும்.

பொதுநல வழக்குப் போட முடியுமா என்றால், போட்டால் நிற்காது. கிரிமினல் வழக்கில் சம்பந்தமில்லாத மூன்றாம் நபருக்கு உரிமை இல்லை என்பது நிலைபெற்ற சட்டம். சீராய்வு, கருணை மனு இவற்றுக்கான காலத்தைச் சுருக்கச் சொல்லி ஒரு குடிமகன் கேட்டு எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. தாமதம் அரசுத் தரப்பில்தான் என்றால் பலன் கைதிக்கே போகும். 2014 ஜனவரியில் நம் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி சதாசிவத்தின் அமர்வு, கருணை மனுவைக் காரணமில்லாமல் வருடக்கணக்கில் கிடப்பில் போட்டால் அதுவே தண்டனையைக் குறைக்கக் காரணமாகும் என்று சொல்லி 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது. அடுத்த மாதமே, பதினொரு வருடம் கருணை மனு தூங்கியதால் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரின் தூக்கும் ரத்தானது. அந்தக் கோப்பு தூங்கியது தில்லியில், கோர்ட்டில் இல்லை.

உங்களுக்குத் தெரிந்தவர் குடும்பத்தில் இப்படியொரு இழப்பு நேர்ந்திருந்தால் அங்கே செய்யக்கூடியது இருக்கிறது. எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானால் பாதிக்கப்பட்டவரின் குடும்பமே நேரடியாக மேல்முறையீடு செய்யலாம், அரசுக்காகக் காத்திருக்கவேண்டாம். இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். திருப்பூரில் நீதிமன்ற வளாகத்திலேயே கேட்டால் வழிகாட்டுவார்கள். கட்டணம் கிடையாது. எதிரியைப் பிடிக்கவே முடியாத வழக்கிலும் இழப்பீடு கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

சிறைச்செலவு பற்றித்தான் கவலை என்றால், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழும்பூரில் உள்ள சிறைத்துறைத் தலைமை அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்புங்கள். ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் கோவை மத்திய சிறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு கைதிக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகிறது என்று இரண்டே கேள்வி கேளுங்கள். மனு எழுத உங்கள் மகள் போதும். பதில் முப்பது நாளில் வரவேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டை எப்படிப் போடுவது என்பதற்கு எனக்கு எழுதுங்கள்.